இறுக்குவது வேறு, தாங்குவது வேறு

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் தரப்படும் டிஸ்சார்ஜ் குறிப்பில் எத்தனையோ விவரங்கள் இருக்கும். எந்த மாத்திரையை உணவுக்கு முன் விழுங்க வேண்டும், எதைப் பின்னர் விழுங்க வேண்டும், தையல் பிரிக்க என்றைக்கு வர வேண்டும், வடிகுழாயில் சேரும் நீரை எவ்வாறு அளந்து எழுதி வைக்க வேண்டும், திசுப் பரிசோதனை முடிவை எங்கே பெற்றுக்கொள்ள வேண்டும் என்பன யாவும் அதில் உண்டு. ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அப்பெண் தன் மார்பின் மேல் எதை அணிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றிப் பெரும்பாலான குறிப்புகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை. இருந்தாலும் “கம்ப்ரெஷன் பிரா அணியவும்” என்ற மூன்று சொற்களோடு அது முடிந்துவிடும். எந்த அளவு, எப்படிப்பட்ட துணி, நாளுக்கு எவ்வளவு நேரம், எத்தனை வாரம் என்ற கேள்விகளுக்கு விடை தேடிக் குடும்பத்தார் துணிக்கடைக்கோ மருந்துக்கடைக்கோ போகிறார்கள். பல வீடுகளில் போகிறவர் கணவர். சில வீடுகளில் மகன். கையில் ஓர் எண் எழுதிய துண்டுச் சீட்டு. அந்த எண்ணும் அறுவைக்கு முந்தைய உடலின் எண்.

நான் பணியாற்றும் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு இப்பெண்கள் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வருகிறார்கள். தோளின் அசைவைச் சோதிப்பதற்கு முன் அவர்கள் என்ன அணிந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். இருவகைப் பெண்களை அடிக்கடி காண்கிறேன். ஒரு வகையினர், இறுக்கிக் கட்டினால்தான் புண் ஆறும் என்று நம்பி, மூச்சை இழுத்துவிடக்கூட இயலாத அளவுக்கு இறுக்கமான ஒன்றை அணிந்திருப்பார்கள். மற்ற வகையினர் எதையும் அணிந்திருக்க மாட்டார்கள். வாங்கிய உள்ளாடை அலமாரியில் கிடக்க, தளர்ந்த நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்தபடி வந்திருப்பார்கள். கையை உயர்த்தச் சொன்னால் இருவகையினருக்கும் கை தோள் மட்டத்தைக்கூட எட்டுவதில்லை. முன்னவருக்கு உள்ளாடை தடுக்கிறது. பின்னவருக்கு, தாங்குவதற்கு எதுவுமில்லாத மார்பு ஒவ்வோர் அசைவிலும் வலிக்கிறது.

ஆகையால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவைக்குப் பின் அணியும் உள்ளாடை, சிகிச்சையின் ஓர் அங்கம். மருந்துச் சீட்டில் அளவும் வேளையும் எழுதுவதைப் போலவே அதனையும் எழுதித் தர வேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பதற்கான முதல் அளவுகோல், அதை அணிந்துகொண்டு அப்பெண்ணால் நிம்மதியாக மூச்சுவிடவும் கையை அசைக்கவும் உறங்கவும் முடிகிறதா என்பதே. எவ்வளவு இறுக்குகிறது என்பது அதற்குப் பிறகுதான்.

“உயிர் பிழைத்திருக்கிறாள், உள்ளாடையின் இதமெல்லாம் ஒரு பெரிய விஷயமா?” என்று கேட்பவர்கள் உண்டு. குடும்பத்தாரில் மட்டுமன்று, மருத்துவர்களிலும் உண்டு. அவர்களுக்கு நான் கதிர்வீச்சுச் சிகிச்சை அறையைத்தான் சுட்டிக்காட்டுவேன். மார்பகத்துக்குக் கதிர்வீச்சு தரும்போது, பெண் மல்லாந்து படுத்து, அறுவை நடந்த பக்கத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். இன்று பெரும்பாலும் தரப்படும் 15 அமர்வுகளிலும், இன்னும் சிலருக்குத் தரப்படும் 25 அமர்வுகளிலும், ஒவ்வொரு முறையும் அதே நிலையில் இருக்க வேண்டும். தோள் இறுகிப்போன பெண்ணால் அது இயலாது. முதலில் தோளைத் தளர்த்தும் பயிற்சி, பிறகுதான் கதிர்வீச்சு என்று நாள்கள் தள்ளிப்போகும். உள்ளாடை உறுத்துவதால் பயிற்சி செய்யாமல், பயிற்சி இல்லாததால் கை தூக்க முடியாமல், கை தூக்க முடியாததால் சிகிச்சை தாமதமாகும் இந்தத் தொடரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். துணியில் தொடங்கியது புற்றுநோய்ச் சிகிச்சையின் கால அட்டவணையையே தொட்டுவிடுகிறது.

இறுக்கம் பற்றிய நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மார்பகம் முழுவதையும் அகற்றிய பின், மேல்தோலுக்கும் விலாச்சுவருக்கும் இடையே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. தோல் உள்ளே ஒட்டிக்கொள்ளும்வரை அங்கே நிணநீர் போன்ற மஞ்சள் நிற நீர் ஊறும். அதை வெளியேற்றத்தான் வடிகுழாய். 24 மணி நேரத்தில் வடியும் நீர் சுமார் 30 மில்லிக்குக் கீழே குறைந்த பிறகு பெரும்பாலும் குழாயை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகும் சிலருக்கு நீர் தேங்கும். ஊசி வைத்து எடுக்க நேரும். வெளியிலிருந்து நன்றாக அழுத்தினால் உள்ளே நீர் தேங்காது என்று எண்ணுவது இயல்பே. எனினும் சோதித்துப் பார்த்தபோது விடை அவ்வளவு எளிதாக அமையவில்லை. அக்குள் நிணநீர்க்கணுக்கள் அகற்றப்பட்ட பெண்களில் ஒரு பகுதியினருக்கு அழுத்தக் கட்டும், மற்றவர்களுக்கு வழக்கமான கட்டும் போட்டு ஒப்பிட்ட ஆய்வொன்று 1999ஆம் ஆண்டு அமெரிக்க அறுவை மருத்துவ இதழொன்றில் வெளியானது. அழுத்தக் கட்டு, வடியும் நீரைக் குறைக்கவில்லை. ஊசி வைத்து நீரை எடுக்கும் தேவையும் அழுத்தக் கட்டுப் போட்டவர்களுக்கே மிகுதியாக இருந்தது.

அப்படியானால் அழுத்த உள்ளாடையே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தைக் காத்துக்கொண்ட பெண்ணுக்கு, மாடிப்படி இறங்கும்போதும் ஆட்டோவில் போகும்போதும் மார்பின் எடை தையலை இழுக்கிறது. நல்ல உள்ளாடை அந்த எடையைத் தாங்கிக்கொள்கிறது. முழு மார்பகமும் அகற்றப்பட்டவருக்கு, புண்ணின் மேல் வைத்த பஞ்சையும் துணியையும் நகராமல் பிடித்துக்கொள்கிறது. மென்மையான, பரவலான அழுத்தத்தால் வீக்கத்தின் கனத்தைக் குறைக்கிறது. தொட்டாலே கூசும் தழும்பின் மேல் புடவையும் சட்டையும் உரசாமல் காக்கிறது. இவையெல்லாம் தாங்கும் வேலைகள். இறுக்கும் வேலை இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இறுக்கினால் என்ன கெடுதல் என்பதை அறிய, நிணநீர் ஓடும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரத்தத்தைத் தள்ள இதயம் இருப்பதைப் போல, நிணநீரைத் தள்ள நம் உடலில் தனி இயந்திரம் இல்லை. தோலுக்குச் சற்றே கீழே, மிக மெல்லிய குழாய்களில், மிகக் குறைந்த அழுத்தத்தில், தசைகளின் அசைவாலும் மூச்சின் ஏற்ற இறக்கத்தாலும் குழாய்களின் மெல்லிய சுருக்கத்தாலும் அது நகர்கிறது. கை, மார்பகம், முதுகின் மேற்பகுதி ஆகியவற்றின் நிணநீர் பெரும்பாலும் அக்குளில் வந்துதான் சேரும். அந்த அக்குளில் கணுக்களை எடுத்திருக்கிறார்கள் என்றால், மிஞ்சிய குழாய்களே வழி. அந்த வழியின் மேல் விரல் அகலமே உள்ள ஒரு பட்டை ஆழமாகப் பதிந்தால், வாய்க்காலின் குறுக்கே வரப்புப் போட்டதைப் போல ஆகிவிடும். தோளில் பட்டை பதிந்த பள்ளம், மார்பின் கீழே ரப்பர் பதிந்த கோடு, அக்குளில் துணியின் விளிம்பு வெட்டிய தடம் ஆகிய மூன்றையும் நான் கண்ணாடியில் பார்க்கச் சொல்வது இதனால்தான். அழுத்தம் அகலமாகவும் சீராகவும் பரவினால் நன்மை. ஓரிடத்தில் குவிந்தால் தீமை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இதமாக இருக்கிறதா என்று அப்பெண்ணிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். ஆனால் அவருடைய உணர்வையே முழுவதும் நம்பவும் முடியாது. அக்குள் வழியே மேற்கையின் உட்புறத்துக்குப் போகும் ஓர் உணர்ச்சி நரம்பு, கணுக்களை எடுக்கும்போது பல நேரங்களில் இழுபடுகிறது அல்லது அறுபடுகிறது. அதனால் அக்குளும் மேற்கையின் உட்புறமும் சிலருக்கு மரத்துப்போகும். மார்பகம் எடுத்த இடத்திலும் தோல் மரத்திருக்கும். மரத்த தோலில் தையல் விளிம்பு உரசிப் புண்ணானாலும் தெரியாது. சர்க்கரை நோயாளிகள் பாதத்தைத் தினமும் பார்ப்பதைப் போல, இவர்கள் மார்பையும் அக்குளையும் குளித்தபின் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டாத இடத்தை மகளோ சகோதரியோ கணவரோ பார்த்துச் சொல்லலாம். உள்ளாடையைக் கழற்றி அரை மணி நேரம் ஆன பின்னும் சிவந்த தடம் மறையாவிட்டால், அந்த உள்ளாடை அவருக்குப் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மரத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, துணி பட்டாலே தீப்பட்டாற்போல எரியும் இடமும் சிலருக்கு இருக்கும். அவர்கள் உள்ளாடையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி அணிந்து பார்க்கலாம். தையல்கள் தோலில் படாது. பார்க்க அழகாக இராதுதான். மேலே இரவிக்கை இருக்கிறதே.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது எங்கே திறக்கிறது என்பது. முதல் சில வாரங்களில் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கழுத்து வழியே மாட்டுவதும், கையைப் பின்னால் வளைத்துக் கொக்கி போடுவதும் வலிக்கும். முன்பக்கம் கொக்கியோ ஜிப்போ இருப்பதே நல்லது. தோள்பட்டையின் நீளத்தையும் முன்பக்கமே கூட்டிக் குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கம்பி வைத்தது கூடவே கூடாது. தோள்பட்டை அகலமாக இருக்கட்டும். மார்பகம் கனமாக உள்ளவர்களுக்கு இது மிகவும் முக்கியம். கீழ்ப்பட்டையும் அகலமாக, சுருண்டு கயிறுபோல் ஆகாததாக இருக்க வேண்டும். பக்கவாட்டுத் துணி அக்குள்வரை உயர்ந்து, அங்குள்ள வீக்கத்தைத் தழுவினாற்போல் மூட வேண்டும். அக்குளின் மடிப்பை வெட்டக் கூடாது. வடிகுழாய் இருக்கும் நாள்களில் குழாய் வெளிவரும் இடத்தைப் பட்டை நசுக்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். குழாயின் முனையிலுள்ள குடுவையைச் சேலையில் செருகி வைப்பவர்கள் இருக்கிறார்கள். எழும்போது அது இழுபடும். ஒரு சுருக்குப்பையில் போட்டு நாடாவால் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிட்டுக்கொண்டால் கவலை இல்லை.

அளவெடுப்பதற்கு நாடா ஒன்று போதும். பழைய எண்ணை மறந்துவிடுங்கள். உட்கார்ந்த நிலையில், மார்பின் கீழே விலாவைச் சுற்றி ஒன்றும், மார்பின் எடுப்பான பகுதியைச் சுற்றி ஒன்றுமாக இரண்டு அளவுகள். நின்றபோது சரியாக இருப்பது உட்கார்ந்தால் வயிற்றுப் பகுதியில் இறுகும். நம் பெண்கள் பலர் தரையிலும் அமர்கிறார்கள், அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அணிந்தபின் கீழ்ப்பட்டைக்கு அடியில் இரண்டு விரல்கள் எளிதாக நுழைய வேண்டும். ஆழ்ந்து மூச்சிழுத்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் அமர்ந்திருந்து, பிறகு இரு கைகளையும் இயன்ற அளவு மெல்ல உயர்த்திப் பார்க்க வேண்டும். கடையில் அணிந்து பார்க்க அனுமதி இல்லையென்றால், வீட்டில் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று உறுதி தரும் கடையில் வாங்குவது நல்லது. அறுவைக்கு முன்பே அரை டஜன் வாங்கிக் குவிப்பது வீண். இரண்டு வாரத்து வீக்கம் இரண்டு மாதத்தில் இராது, அளவு மாறும். முதலில் இரண்டு அல்லது மூன்று, பிறகு மீண்டும் அளவெடுத்து மேலும் இரண்டு என்பதே என் யோசனை.

எத்தனை வாரம் என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே விடை இல்லை. பல அறுவை மருத்துவர்கள் நான்கு முதல் ஆறு வாரம்வரை சொல்கிறார்கள். முதல் சில வாரங்களில் இரவிலும் அணியச் சொல்பவர்களும் உண்டு. உங்களுக்கு என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. குறிப்பாக, வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ திசுவை எடுத்து மார்பகத்தை மீண்டும் உருவாக்கியிருந்தால், இக்கட்டுரையில் உள்ளதை ஒதுக்கிவைத்துவிட்டு அறுவை மருத்துவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். அங்கே புதிய திசுவுக்கு வரும் இரத்த ஓட்டமே உயிர்நாடி. அதன் மேல் தவறான அழுத்தம் விழக் கூடாது.

துணியைப் பற்றிப் பேசும்போது நம் ஊர் வெயிலைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. குளிர்நாடுகளுக்காகச் செய்யப்பட்ட தடித்த செயற்கை இழை உள்ளாடைகள் சித்திரை, வைகாசியில் சென்னையில் அணிவதற்கு உகந்தவை அல்ல. வியர்வை தேங்கி, மார்பின் கீழ்மடிப்பில் பூஞ்சைத் தொற்று வந்து அரிக்கும். பருத்தி அல்லது பருத்தியோடு சிறிதளவு இழுபடும் இழை கலந்தது நமக்கு ஏற்றது. நாள்தோறும் மாற்ற வேண்டும். வெந்நீரில் ஊறவைத்தால் ரப்பர் இழை சீக்கிரம் தளரும். மிதமான நீரில் அலசினால் போதும்.

உலர்த்துவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் வீடுகளில் பெண்களின் உள்ளாடை கொடியில் தனியாகக் காய்வதில்லை. துண்டுக்கோ பாவாடைக்கோ அடியில் மறைத்துத்தான் காயும். பல நேரங்களில் குளியலறைக் கதவுக்குப் பின்னால். அரைகுறையாக உலர்ந்த அந்தத் துணி, ஆறிக்கொண்டிருக்கும் தழும்பின் மேல், மரத்த தோலின் மேல் நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கும். கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். அடிக்கடி வந்து ஒரே களிம்பை எழுதி வாங்கிப் போகும் பெண்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, துணியை எங்கே காயப்போடுகிறீர்கள் என்பதுதான். வீட்டிலுள்ள ஆண்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: உங்கள் மனைவியின், தாயின் சிகிச்சைக்கான துணி வெயிலில் காயட்டும். அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம், ஒன்றும் பேசவும் வேண்டாம்.

வயதான பெண்களில் பலர் வாழ்நாளில் பிரா அணிந்ததே இல்லை. இரவிக்கைதான் அவர்களுக்கு எல்லாம். அறுபத்தைந்து வயதில் முதன்முறையாக இறுக்கமான ஜிப் வைத்த ஓர் உள்ளாடையை மாட்டச் சொன்னால், அது அவர்களுக்குத் தண்டனையாகவே படும். இவர்களுக்கு நான் சொல்வது, தையற்காரம்மாவிடம் ‘பாடி’ தைத்துக்கொள்ளுங்கள் என்பது. நம் பாட்டிமார் இரவிக்கைக்குள் அணிந்த, முன்பக்கம் கொக்கி வைத்த, அகலத் தோள் கொண்ட பருத்திப் பாடியை நினைத்துப் பாருங்கள். கம்பி இல்லை, முன்னால் திறக்கிறது, பட்டை அகலம், துணி மென்மை. இதுவரை நான் பட்டியலிட்டவற்றில் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன. இழுபடும் தன்மை மட்டும் இல்லை. அதற்காக இரண்டு வரிசைக் கொக்கிக் கண்கள் வைத்துத் தைத்தால், வீக்கம் கூடும் நாளில் தளர்த்தியும் குறையும் நாளில் சேர்த்தும் போட்டுக்கொள்ளலாம். இரவிக்கையையும் கவனிக்க வேண்டும். நம் தையலில் கைக்குழி ஒட்டி இருப்பதே நேர்த்தி என்று எண்ணுகிறோம். அறுவை நடந்த பக்கத்தில் கைக்குழியையும் கையின் சுற்றளவையும் தளர்த்தித் தைக்கச் சொல்லுங்கள். உள்ளே எவ்வளவு நல்ல உள்ளாடை இருந்தாலும், மேலே இறுகிய இரவிக்கை அதன் பயனைக் கெடுத்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உள்ளாடைகளின் விலையைக் கண்டு மலைத்துப்போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருப்பூர் நினைவுக்கு வருகிறது. உலகத்தின் பல நாடுகளுக்குப் பின்னலாடை தைத்து அனுப்பும் ஊர் நம் மாநிலத்தில் இருக்கிறது. இந்தியப் பெண்களுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். நம் பெண்களின் உடல் அளவுக்கும் நம் வெப்பத்துக்கும் நம் புடவைக்கும் ஏற்ற ஓர் எளிய பருத்தி அழுத்த உள்ளாடை எல்லா அரசு மருத்துவமனை வாயிலிலும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

இப்படிப்பட்ட பொருள்கள் பெரும்பாலும், வேண்டியவர்கள் தாமே செய்துகொண்டபோதுதான் உருவாகியிருக்கின்றன. அமெரிக்காவில் பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லருக்கு 1970ஆம் ஆண்டு ஒரு மார்பகம் அகற்றப்பட்டது. அன்று கடைகளில் கிடைத்த செயற்கை மார்பகம் எதுவும் அவருக்குத் திருப்தி தரவில்லை. வலது, இடது என்று தனித்தனி வடிவம்கூட இல்லை என்பது அவருடைய குறை. சில ஆண்டுகளில் தாமே ஒரு நிறுவனம் தொடங்கிச் செய்து விற்றார். அதே நாட்டில் லிசா லிண்டால் என்ற பெண், ஓடும்போது தாங்கும் உள்ளாடை கிடைக்காமல், 1977இல் தோழியரோடு சேர்ந்து ஆண்களின் விளையாட்டு உள்ளாடைகள் இரண்டை இணைத்துத் தைத்ததே இன்றைய ஸ்போர்ட்ஸ் பிராவின் தொடக்கம். பின்னாளில் அவரே லெஸ்லி பெல் என்ற இயன்முறை மருத்துவருடன் சேர்ந்து, மார்பிலும் விலாவிலும் நிணநீர் வீக்கம் உள்ள பெண்களுக்கென ஓர் அழுத்த உள்ளாடையையும் வடிவமைத்தார். வலி தெரிந்தவர்கள் தைத்தது என்பதால் அவற்றில் இதம் முதலிடம் பெற்றது.

நிணநீர் வீக்கத்துக்கான உள்ளாடையும் அறுவை முடிந்த முதல் வாரங்களில் அணிவதும் ஒன்றல்ல. மாதங்கள் கழித்து மார்பிலோ விலாவிலோ கையிலோ வீக்கம் தொடங்கினால், அதற்கான அழுத்தத்தைப் பயிற்சி பெற்றவர் அளந்து எழுத வேண்டும். உடலை ஒல்லியாகக் காட்டுவதற்காக விற்கும் இறுக்க ஆடைகளை அதற்குப் பதிலாக வாங்காதீர்கள்.

கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கியபின் மீண்டும் ஒரு மாற்றம். தோல் வெயில் பட்டாற்போல் சிவந்து, கடைசி வாரத்திலும் அதற்கு அடுத்த வாரத்திலும் மிகவும் எரியும். அக்குள் மடிப்பும் மார்பின் கீழ்மடிப்பும்தான் முதலில் உரியும். அந்நாள்களில் அழுத்தம் வேண்டாம். பழகி மென்மையான பருத்தித் துணி, ஓர் அளவு பெரியதாக. வீட்டில் இருக்கும்போது ஒன்றும் அணியாமல் காற்றுப்படவும் விடலாம்.

மார்பகம் அகற்றப்பட்ட இடத்தில் வைக்கும் செயற்கை வடிவத்தைப் பற்றி இரண்டு செய்திகள். தொடக்கத்தில் பஞ்சு அல்லது பருத்தி நூலால் ஆன எடையற்ற வடிவமே போதும். கனமான சிலிக்கோன் வடிவம் புண் முழுவதும் ஆறிய பிறகுதான், பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குப் பின். அதை வைத்துக்கொள்வதும் வைத்துக்கொள்ளாததும் அப்பெண்ணின் விருப்பம். “நாலு பேர் பார்ப்பார்களே” என்று வீட்டில் உள்ளவர்கள் முடிவு செய்வதற்கு இதில் இடமில்லை.

“பிரா போட்டதால்தான் இந்த நோய் வந்ததோ?” என்ற அச்சத்தோடு, அறுவைக்குப் பின் எந்த உள்ளாடையையும் அணிய மறுப்பவர்களும் வருகிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு, பிரா அணிவதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. கம்பி வைத்ததற்கும் நாளெல்லாம் அணிவதற்கும்கூடத் தொடர்பு தென்படவில்லை. அந்த அச்சத்தை விட்டுவிடலாம்.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியதாக நான் கேட்பது மிகக் கொஞ்சம். டிஸ்சார்ஜ் குறிப்பில் உள்ளாடைக்கென்று நான்கு வரிகள்: வகை, அளவு, நாளுக்கு எவ்வளவு நேரம், எந்த வாரம்வரை. அளவெடுக்கத் திரை மறைத்த ஒரு மூலை, ஒரு நாடா, அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு செவிலியர். அணிந்து பார்க்க வெவ்வேறு அளவுகளில் சில மாதிரிகள். ஒரு மருந்தின் பெயரை உரக்கச் சொல்லி வாங்குவதற்குத் தயங்காத பெண்கூட, ஆண்கள் வரிசையில் நிற்கும் மருந்துக்கடைச் சன்னலில் இதைக் கேட்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்வதைவிட, கேட்கவே தேவையில்லாதபடி செய்வது எளிது.

உள்ளாடையை அணிந்தபின் கை விரல்கள் மரத்தாலோ, கை திடீரென வீங்கினாலோ, மார்பின் ஒரு பகுதி சிவந்து சூடாக இருந்தாலோ, தையலிலிருந்து நீரோ சீழோ கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அதைக் கழற்றிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். இவை இல்லையென்றால் அடுத்த சந்திப்பு நாளுக்கு வரும்போது, நீங்கள் வீட்டில் அணிவதைப் பையில் செய்தித்தாள் சுற்றிக் கொண்டுவராமல், அணிந்தே வாருங்கள். மற்ற இரண்டையும் பையில் கொண்டுவந்தால் போதும். உட்கார்ந்து, எழுந்து, கையைத் தூக்கச் சொல்லித்தான் நாங்கள் பார்ப்போம்.